மாட்டின் வாலுக்காக விடுபட்ட வரி

அன்பு காட்டுவதிலும் வலிக்காமல் ஊசி போடுவதிலும் கைதேர்ந்த என் சித்திக்கு,

உங்கள் அக்காவின் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் என்றால் முதல் வரியில் 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுத வேண்டும் என்று தமிழ் ஆசிரியை சொல்லிக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் நான்கு பேர். மூன்று பேர் நலம். நான்காவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவன் நலமாக இல்லாததற்குக் காரணம் இதை எழுதுகிறவள். நீங்கள் குழந்தைகள் வார்டில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறீர்கள். ஆனாலும் சொந்த அக்காவே பாலைக் கொடுத்துக் கெடுத்த பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை பார்த்திருந்தால், அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று உடனே எழுதவும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது அப்பாவின் போனும் அம்மாவின் போனும்தான். உங்கள் குரலோ ஸ்பீக்கர் போடாமலேயே வாசல் வரை கேட்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், அழுகிற பிள்ளைகளுக்கு மேல் பேசிப் பேசி வந்த குரல் என்று அம்மா பெருமையாகத்தான் சொல்வாள். விளக்கைப் போட்டால் அவள் விழித்துவிடுவாள் என்பதால் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கதவை நான்கு விரல் அகலம் திறந்தால் ஒரு பக்கத்துக்குப் போதுமான வெளிச்சம் வருகிறது. ஒரு நிமிடம் தாண்டினால் அது கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிடும். அதனால் மனதுக்குள் அறுபது வரை எண்ணிக்கொண்டே எழுதி, மூடி, இருட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி திறக்கிறேன். எங்கேயாவது வாக்கியம் பாதியில் நின்றால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், எண்ணிக்கை முடிந்திருக்கும். கண்ணுக்கு நேரே நாளைய பால் பாக்கெட்டுகள் இரண்டும் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பார்க்கட்டும். அவையும் இந்த வழக்கில் சாட்சிகள்தான்.

சித்தி, தம்பி பட்டாணியின் உயரம் உங்களுக்குத் தெரியும். குறைமாதத்தில் பிறந்தபோது நீங்கள்தான் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து 'பொழைச்சுக்குவான்' என்று சொன்னீர்களாம். பிழைத்துக்கொண்டான், ஆனால் வளர்வதற்கு அவசரப்படவில்லை. ஒன்றாம் வகுப்பு வரிசையில் அவன்தான் முதலில் நிற்கிறான். துணிக்கடையில் 'நாலு வயசா?' என்று கேட்டால் அப்பா 'ஆறு முடிஞ்சிருச்சு' என்று சொல்லிவிட்டுச் சட்டையின் விலைச்சீட்டை ரொம்ப நேரம் படிப்பார். ஆறு மாதத்துக்கு முன்னால் பள்ளியில் எடையும் உயரமும் பார்த்து ஒரு அட்டை கொடுத்து அனுப்பினார்கள். அதில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. அன்றைக்கு இரவு அப்பா அந்த அட்டையைச் சட்டைப் பையிலிருந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தார். அம்மா தைத்துக்கொண்டிருந்த சீருடையின் கையை இடுப்பில் வைத்துத் தைத்துவிட்டாள். மறுநாள் இரவிலிருந்து என் டம்ளர் பாலை நான் பட்டாணிக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டுப் பால் கணக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பா வேலை பார்க்கும் பால் ஆலையில் ஊழியர்களுக்குத் தினமும் இரண்டு அரை லிட்டர் பாக்கெட்டுகள் தருகிறார்கள். அம்மா அதைக் காய்ச்சி ஐந்து டம்ளராகப் பிரிப்பாள். விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் முன் அப்பாவுக்கு ஒன்று. மத்தியானம் தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கும்போது அம்மாவுக்கு ஒன்று. ராத்திரி எனக்கு ஒன்று. பட்டாணிக்குக் காலையும் ராத்திரியும் ஒவ்வொன்று. டீயெல்லாம் எங்கள் வீட்டில் கறுப்புத்தான். என் டம்ளரை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய் முதல் நாள் அவனிடம் நீட்டியபோது, "உனக்கு வேணாமாக்கா?" என்று கேட்டான். "எனக்குப் பிடிக்காதுடா. ஆடை நாக்குல ஒட்டுது" என்றேன். எனக்குப் பால் பிடிக்காது என்பதும் உண்மை, பிடித்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்பதும் உண்மை. இதில் எது முதல் உண்மை என்று இப்போது யோசித்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன். அவன் ரொம்ப நாள் பழகியவன்போல உதடு இரண்டையும் உள்ளே மடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். பிறகு நான் காலி டம்ளரில் விரலைத் தொட்டு என் மேலுதட்டில் ஒரு வெள்ளை மீசை வரைந்துகொண்டு போய் அம்மாவிடம் காட்டுவேன். "நல்ல பிள்ளை" என்பாள் அம்மா. ஆறு மாதமாக நான் நல்ல பிள்ளை.

அப்பாவின் மூக்கை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். கேன் மூடியைத் திறந்ததும் ஒருமுறை முகர்ந்துவிட்டு, இது உள்ளே வரட்டும், இது திரும்பிப் போகட்டும் என்று சொல்வதுதானே அவர் வேலை. ஆலையில் அவரை 'மூக்கு சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாடு நேற்று என்ன தின்றது என்றுகூடச் சொல்லிவிடுவார் என்று லாரி டிரைவர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சத்தியம் செய்தார். அதனால் ஒரு டம்ளருக்கு மேல் வாசம் தெரிந்துவிடக் கூடாது என்று பட்டாணியை இரண்டு தடவை பல் தேய்க்க வைத்துத்தான் அவரிடம் அனுப்புவேன். அவர் அவனைத் தூக்கிக் கழுத்தில் முகம் வைத்து இழுத்து முகர்வார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்பேன். ஒன்றும் சொல்ல மாட்டார், இறக்கிவிட்டுப் போர்வையைச் சரிசெய்வார். அப்படிப்பட்ட மூக்கையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, சித்தி. அந்தக் கர்வத்தில்தான் பள்ளிக் கண்காட்சிப் போட்டியில் பெயர் கொடுத்தேன்.

அறிவியல் கண்காட்சிக்கு ஒவ்வொருவரும் ஓர் உணவைப் பற்றிப் பெரிய அட்டையில் எழுதி, மேடையில் விளக்க வேண்டும். நான் எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. 'பால் ஒரு முழுமையான உணவு' என்று தலைப்பு. அப்பா ஆலையிலிருந்து தாள் தாளாகக் கொண்டுவந்தார், நூலகத்திலிருந்து நான் ஒரு புத்தகம் கொண்டுவந்தேன். ஒரு டம்ளர் பசும்பாலில் ஆறரை கிராம் புரதம், எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கால்சியம் ஒரு நாள் தேவையில் கணிசமான பங்கு, பாஸ்பரஸ், வைட்டமின் ஏ, ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி12, எல்லாம் எழுதினேன். நடுவில் மாடு வரையும் பொறுப்பைப் பட்டாணி கேட்டு வாங்கிக்கொண்டான். ஆறு கால் போட்டான். "ஏண்டா ஆறு?" என்றால், "அது ஓடுதுக்கா, அதான்" என்றான். ஓடுகிற மாட்டுக்கு வாலும் பறக்க வேண்டுமாம். அட்டையின் கீழ்மூலை வரைக்கும் வாலை இழுத்துவிட்டான். அந்த மூலைக்கென்று நான் ஒரு வரி வைத்திருந்தேன். புத்தகத்தில் அந்தப் பாடத்தின் கடைசி வரி அது: பாலில் இரும்புச்சத்து மிக மிகக் குறைவு, வைட்டமின் சியும் சொற்பம், நார்ச்சத்து கிடையாது, சிறு பிள்ளைகள் பாலையே அளவு மீறிக் குடித்தால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடமில்லாமல் போய் ரத்தசோகை வரலாம். "வாலைக் கொஞ்சம் அழிக்கட்டுமாடா?" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. வரியை விட்டுவிட்டேன். எல்லாப் பழியையும் வால்மேல் போட மாட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த வரியை அவர் வாயால் படிக்கக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மேடையில் நடுவராக வந்த பெரியவர், "பால்ல இல்லாத சத்துன்னு ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார். சித்தி, அந்த மனிதர் சும்மா கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் அட்டையின் மூலையைப் பார்த்தேன், அங்கே வால்தான் இருந்தது. கூட்டத்தில் அப்பாவைப் பார்த்தேன், இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "பால்ல இல்லாதது எதுவுமே இல்லைங்க ஐயா" என்றேன். ஒரே கைத்தட்டல். முதல் பரிசு. அட்டையை அப்பா சுருட்டி எடுத்துப் போய் ஆலை கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டார். லாரி டிரைவர்கள் எல்லாரும் சாப்பிடும்போது என் பொய்யைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. முதலில் பட்டாணி சாப்பிடுவதை நிறுத்தினான். சோறு வைத்தால் "வயிறு ரொம்பிருச்சு" என்பான். கீரையைத் தட்டின் ஓரத்தில் வேலிபோல நட்டுவைப்பான், முட்டையை எனக்குத் தள்ளுவான். "பிள்ளை சாப்பிடவே மாட்டேங்கறான், பாலாவது உள்ள போகுதே" என்று அம்மா ஆறுதல் சொல்லிக்கொள்வாள், நானும் அதையே சொல்லிக்கொண்டு என் டம்ளரை நீட்டுவேன். பிறகு மாடிப்படியில் நாலாவது படியில் உட்கார ஆரம்பித்தான். "ஏண்டா உக்காந்துட்ட?" என்றால், "படி ஒசந்துருச்சுக்கா" என்றான். பிறகு முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டு அக்கா "பையன் கலராயிட்டானே, பால் குடிக்கிற வீடாச்சே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள், அம்மா அது பாராட்டா இல்லையா என்று தெரியாமல் இரண்டு நாள் யோசித்தாள். அப்புறம் சாக்பீஸ். வகுப்பில் சாக்பீஸ் குறைகிறது என்று அவன் மிஸ் முதலில் எலியைச் சந்தேகப்பட்டு அலமாரியைக் காலிசெய்திருக்கிறார். ஒருநாள் கரும்பலகையிலிருந்து சட்டென்று திரும்பியபோது முதல் பெஞ்சில் எலி உட்கார்ந்து கறுக்முறுக்கென்று மென்றுகொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "வீட்டுல சாப்பாடு போடறீங்களா?" என்று அந்த மிஸ் கேட்டதை அம்மா வழியெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா சித்தி, அறிவாளியாயிற்றே, சாக்பீஸிலும் கால்சியம், பாலிலும் கால்சியம், அப்படியென்றால் இவன் உடம்பு இன்னும் கால்சியம் கேட்கிறது என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து என் டம்ளரை விளிம்புவரை நிரப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்

கொடுத்தேன். (மன்னிக்கவும், அறுபது ஆகிவிட்டது.)

நேற்று அவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "ரத்தம் குறைவா இருக்கு போலிருக்கே. பால் எவ்வளவு குடிக்கிறான்?" என்று கேட்டார். அப்பா, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு டாக்டர். அளவாத்தான்" என்றார். சொல்லிவிட்டு இருமினார், ஆலையில் குளிர் அறைக்குப் போய்வந்த சளி என்று நினைக்கிறேன். அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், மறுபடி திறந்தாள். நான் குனிந்து ஏற்கெனவே மாட்டியிருந்த செருப்பு வாரை மறுபடி மாட்டினேன். பட்டாணி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். "ரெண்டு டம்ளர்னா பரவாயில்ல, அப்ப பாலால இல்ல" என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "வியாழக்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம். உள்ள எங்கயாவது ரத்தம் கசியுதான்னு தெரியணும். தேவைப்பட்டா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், அங்க குழாய் விட்டுப் பார்ப்பாங்க."

குழாய், சித்தி. அவன் தொண்டையே என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். வெளியே வந்ததும் பட்டாணி என் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, நான் சொல்லல பாத்தியா?" என்று காதுக்குள் சொன்னான். பரிசு வாங்கியவன்போல இருந்தது அவன் முகம். வீட்டுக்கு வந்து நூலகப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன் (திருப்பிக் கொடுத்ததை மறுபடி வாங்கி வைத்திருந்தேன்). நான் விட்டுவிட்ட வரிக்கு அடுத்த பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. வெளுத்துப்போவது, களைத்துப்போவது, மண்ணும் சுண்ணாம்பும் சாக்பீஸும் தின்னத் தோன்றுவது, எல்லாமே இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாம். போதாததற்கு, நிறையப் பால் குடித்தால் அந்தக் கால்சியமே மற்ற உணவிலிருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்குமாம். ஒரு பக்கம் தள்ளிப் படித்திருந்தால் போதும். ஒரு வாலை அழித்திருந்தால் போதும்.

வீட்டில் சொல்லிவிடு என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை அப்பா, "அந்தச் சார்ட்டப் பார்த்துட்டு மேனேஜர் இன்னிக்கு உன்னப் பத்திக் கேட்டாரும்மா" என்றார். இரண்டாவது தடவை அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீயாவது வேளா வேளைக்குப் பாலக் குடிச்சுத் தெம்பா இருக்கியே" என்றாள். இதற்குமேல் எப்படிச் சொல்வது? அதனால் உங்களிடம் ஓர் உதவி. இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடும். நீங்கள் புதன்கிழமை சாயங்காலம் யதேச்சையாகக் கூப்பிடுவதுபோல அம்மாவைக் கூப்பிட்டு, முதலில் வேறு ஏதாவது பேசிவிட்டு, 'எங்க வார்டுல ஒரு பையன், அக்காவோட பாலையும் சேர்த்துக் குடிச்சு ரத்தசோகை வந்து சேர்ந்திருக்கான், அங்க அப்படி ஒண்ணும் இல்லையே?' என்று கேளுங்கள். நான் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து அழுதுவிடுகிறேன். அழுகை தயாராக இருக்கிறது. ஆறு டம்ளர் வரும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் முத்தம். அவளுக்கு எவ்வளவு பால் கொடுக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை. பெரியவர்கள் ஆசி அனுப்புவீர்களே, அதில் என் பங்கையும் சேர்த்து அவனுக்கே அனுப்பிவிடுங்கள். இந்த ஒன்றையாவது அவனுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கெடுதல் வராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தப்பு செய்த உங்கள் மகள்.

பின்குறிப்பு: மேலே எழுதியது முழுவதும் பொய்யாகிவிட்டது, சித்தி. போன் செய்ய வேண்டாம்.

ஆசியைப் பற்றி எழுதும்போது எண்ண மறந்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் கத்திவிட்டது. நிமிர்ந்தால் ஷிப்டுக்குக் கிளம்ப எழுந்த அப்பா வாசற்படியில் நிற்கிறார். கையிலிருந்து தாளை வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, அது கத்தக் கத்த நின்றபடியே எல்லாப் பக்கமும் படித்தார். படித்துவிட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். தாள்களை ஒழுங்காக அடுக்கி என் மடியில் வைத்துவிட்டு, "கணக்குல ஒரு டம்ளர விட்டுட்டியேம்மா" என்றார்.

"எதுப்பா?"

"என்னுது. காலைல ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவன அரைத் தூக்கத்துலயே எழுப்பிக் குடுத்துருவேன். அந்தச் செவப்புக் கோடு வந்த மறுநாள்லேர்ந்து." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவன்கிட்ட பால் வாசம் தூக்கலா வரும்போதெல்லாம் அது நான் குடுத்ததோட வாசம்னே நெனச்சுட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லிடாத. வெறும் வயித்தோட போறேன்னு திட்டுவா."

"ரெண்டு டம்ளர்" என்று பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். "மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னுதயும் அவனுக்குத்தாங்க குடுக்கறேன். டாக்டர் கேட்டப்ப உங்க முன்னாடி சொல்ல வாய் வரல."

அப்பா விரல்விட்டு எண்ணினார். அவனுடையது இரண்டு, என்னுடையது, அப்பாவுடையது, அம்மாவுடையது. ஆறு மாதமாக இந்த வீட்டுக்கு வந்த ஒரு லிட்டரில் சொட்டுப் பால்கூட எங்கள் மூன்று பேர் வாயில் படவில்லை. எல்லாம் அந்த ஒரு சாண் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், அது நடுவில் அழுகையாகிவிட்டது. அந்தச் சத்தத்தில் பட்டாணி போர்வையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் மூன்று பேரையும் ஒன்றாகப் பார்த்ததும் அவனுக்குத் திக்கென்று ஆகிவிட்டது. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, கடைசியில் கவலையோடு கேட்டான்: "மூணு பேரும் ஒண்ணா வந்துட்டீங்களே, இப்ப யாரோடத மொதல்ல குடிக்கணும்?"

அப்பா அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "உனக்குப் பால் அவ்ளோ பிடிக்குமாடா கண்ணு?"

"பிடிக்கவே பிடிக்காது."

"அப்பறம் ஏண்டா குடிச்ச?"

"உங்க யாருக்குமே பிடிக்கலல்ல. பாவமா இருந்துச்சு."

ஷிப்டுக்குத் தாமதமாக வருவதாக ஆலைக்குச் சொல்லிவிட்டு, எட்டு மணிக்கு அப்பா டாக்டரம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். இந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி அவர் பெருமூச்சு விட்டார். பாலை ஒன்றரை டம்ளரோடு நிறுத்தச் சொன்னார், கீரையும் பருப்பும் முட்டையும் முதலில், பால் அப்புறம். வியாழக்கிழமை ரத்தம் எடுப்பது எடுப்பதுதான், ஆனால் குழாய் இருக்காது என்று நினைக்கிறாராம், இரும்புச்சத்து மருந்தில் சரியாகிவிடுமாம். மீதிப் பாலை எல்லார் கண் முன்னாலும் அவரவர் குடிக்க வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள். இன்று ராத்திரியிலிருந்து எனக்கு ஆடையோடு. அப்பா இன்று ஆலைக்குப் போகும்போது என் பேனாவை வாங்கிக்கொண்டு போனார். கேன்டீன் சுவரில் இருக்கும் அட்டையில், வாலை அழிக்காமல், அதன் மேல் பக்கமாகச் சின்ன எழுத்தில் அந்த வரியைத் தானே எழுதப்போவதாகச் சொன்னார்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். அப்பா வேண்டாம், சித்திக்கு அனுப்பு என்றார். உறையை ஒட்டப்போகும்போது பட்டாணி ஓடிவந்து, நீங்கள் பால் குடிப்பீர்களா என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் இங்கே வரும்போது உங்களுடையதையும் அவனே குடித்துவிடுகிறானாம். அரை டம்ளர்தான் முடியுமாம். யாரிடமும் சொல்ல மாட்டானாம்.